ஆற்றங்கரை ஊரைச் சுற்ற வாடகை சைக்கிள்: எதைப் பார்த்து எடுப்பது?

கேள்வி:
அடுத்த மாதம் இரண்டு நாள் ஒரு சின்ன ஆற்றங்கரை ஊரில் தங்கப் போகிறேன். கரையோரப் பாதை, ஒரு பழைய பாலம், அக்கரையில் வயல்கள், அவ்வளவுதான் ஊர். நடந்தால் பாதியிலேயே கால் ஓய்ந்துவிடும், கார் எடுத்தால் எதையும் நின்று பார்க்க முடியாது, அதனால் சைக்கிள் வாடகைக்கு எடுக்கலாம் என்று நினைக்கிறேன். ஆனால் சைக்கிளைத் தொட்டுப் பத்து வருடம் ஆகிறது. சாதா சைக்கிள் போதுமா, பேட்டரி சைக்கிளா? எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

பதில் 1:
பத்து வருட இடைவெளி ஒரு பொருட்டே இல்லை. முதல் ஐந்து நிமிடம் ஹேண்டில்பார் ஆடும், அப்புறம் பழக்கம் தானே வந்துவிடும். எனக்குக் கவலை பிரேக்கைப் பற்றித்தான். ஒருமுறை அவசரத்தில் எடுத்த சைக்கிளில் பின் பிரேக் கம்பி தளர்ந்திருந்தது, கடைத்தெரு சமதளமாக இருந்ததால் அது தெரியவே இல்லை. படித்துறைப் பக்கம் இறங்கும் சரிவில் அழுத்துகிறேன், லீவர் போய் ஹேண்டில்பாரில் முட்டுகிறது, வண்டி நிற்கவில்லை. காலை ஊன்றிப் புல்லின் மேல் சாய்ந்துதான் நிறுத்தினேன், முழங்காலில் தோல் உரிந்ததோடு போயிற்று.

இப்போது கடை வாசலிலேயே முன் பிரேக்கை இறுகப் பிடித்து வண்டியை முன்னால் தள்ளிப் பார்ப்பேன். பின் சக்கரம் தானே லேசாக மேலே எழும்ப வேண்டும். பின் பிரேக்கைப் பிடித்துத் தள்ளினால் சக்கரம் சுற்றாமல் தரையில் இழுபட வேண்டும். பிறகு ஒவ்வொரு சக்கரமாகத் தூக்கிச் சுற்றிவிடுங்கள். ரிம் ஒரே இடத்தில் மட்டும் பிரேக் கட்டையில் உரசினால் கோட்டம் இருக்கிறது, வேறு வண்டி கேளுங்கள். எந்தக் கை லீவர் முன் பிரேக் என்பது நாட்டுக்கு நாடு மாறும், சில வண்டிகளில் பெடலைப் பின்பக்கமாக மிதித்தால்தான் பின் பிரேக்கே பிடிக்கும். கிளம்பும் முன் இதைக் கேட்டுவிடுங்கள்.

சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்துக் கீழே இறக்கினால் கால் நேராக நீள வேண்டும். முன்பாதத்தில் மிதிக்கும்போது முட்டி லேசாக மடங்கும், அதுதான் சரியான உயரம். பெரும்பாலும் சீட்டைத் தாழ்வாக வைத்தே கொடுப்பார்கள், அப்படியே ஓட்டினால் மாலையில் முட்டி வலிக்கும்.

பதில் 2:
வண்டியைப் பற்றி அவர் சொல்லிவிட்டார், நான் வழியைச் சொல்கிறேன். ஆற்றை ஒட்டிய பாதை அநேகமாகச் சமதளம்தான், ஏற்றமெல்லாம் கரையிலிருந்து ஊருக்குள் திரும்பும்போதும் பாலத்தில் ஏறும்போதும்தான் வரும். திறந்த வெளி என்பதால் காற்றுதான் பெரிய எதிரி. போகும்போது எதிர்க்காற்றில் போங்கள், களைத்துத் திரும்பும்போது அதே காற்று முதுகில் தள்ளும். நான் இதை மாற்றிச் செய்து, போகும்போது பறந்த அதே தூரத்தை, திரும்பும்போது பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்திருக்கிறேன்.

அக்கரைக்குப் போவதென்றால் அடுத்த பாலம் எவ்வளவு தொலைவில் என்று முதலிலேயே பாருங்கள். படகுத்துறை இருந்தால் சைக்கிளை ஏற்றுவார்களா, கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று விசாரியுங்கள். நிதானமாக மிதித்தால் மணிக்கு 12 கிலோமீட்டர் போகலாம், நின்று நின்று பார்க்கப் போகிறவருக்கு அதில் பாதிதான் கணக்கு. கரைப்பாதையை விடியற்காலையில் ஓட்டிப் பாருங்கள், தண்ணீர் மேல் மூடுபனி விலகும் அந்த அரை மணி நேரத்துக்காகவே சைக்கிள் எடுக்கலாம்.

பதில் 3:
சமதளமான ஊருக்குச் சாதா சைக்கிளே போதும். பேட்டரி வண்டி பெரும்பாலும் 20 கிலோவுக்கு மேல் இருக்கும், படிகளில் தூக்க நேர்ந்தால் கஷ்டம். முட்டி வலி இருந்தாலோ ஒரே நாளில் 40, 50 கிலோமீட்டர் போவதாக இருந்தாலோ மட்டும் எடுங்கள்.

பணம் கட்டும் முன் வண்டியை நாலு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், பழைய கீறலுக்கு உங்களிடம் காசு கேட்க முடியாது. அசல் பாஸ்போர்ட்டை அடமானமாகக் கேட்டால் கொடுக்காதீர்கள், நகல் அல்லது முன்பணம் போதுமா என்று கேளுங்கள், ஒத்துக்கொள்ளாவிட்டால் அடுத்த கடை. பஞ்சர் ஆனால் யார் செலவு, யாரை அழைப்பது என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:
எல்லோருக்கும் நன்றி, சாதா சைக்கிள்தான். மழை பிடித்துக்கொண்டால்?

பதில் 1:
ரிம் நனைந்தால் பிரேக் தாமதமாகப் பிடிக்கும், அதனால் முன்கூட்டியே மெல்ல அழுத்தத் தொடங்குங்கள். மரப்பலகை பாலம், ஈர இலை, பாசி படிந்த கல் இதிலெல்லாம் திருப்பாமல் நேராகப் போங்கள், முடியாவிட்டால் இறங்கித் தள்ளுங்கள். அப்புறம் லைட் எரிகிறதா என்று பகலிலேயே பார்த்துவிடுங்கள், கரையோரத்தில் தெருவிளக்கு இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.