தோட்டத்தில் பிறந்தவருக்கு ஐசி (அடையாள அட்டை) இல்லை, தகப்பனிடம் இந்தியப் பாஸ்போர்ட்: பிரஜாவுரிமை உண்டா?

கேள்வி (வெள்ளவத்தை):
இங்கே வீட்டு வேலை செய்யும் அம்மா ஒருவர் 1966இல் அட்டன் பக்கத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பிறப்புச் சான்றிதழும் இல்லை, ஐசியும் இல்லை. தகப்பன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் (இந்திய வம்சாவளியினரை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொண்ட 1964 உடன்பாடு) இந்தியப் பாஸ்போர்ட் எடுத்தும் இந்தியாவுக்குக் கப்பலேறவில்லை. அதில் இவர் பெயரும் இருக்கிறது. பிரஜாவுரிமைக்கு எங்கே விண்ணப்பிப்பது?

பதில் 1:
இதில் இரண்டு சிக்கல் இருக்கிறது தம்பி, சேர்த்துக் குழப்ப வேண்டாம்.

முதலாவது பிரஜாவுரிமை. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டப்படி, 1964 ஒக்டோபர் 30 முதல் இங்கே நிரந்தரமாக இருந்த இந்திய வம்சாவளியினரும், இங்கே வசிக்கும் அவர்கள் வழித்தோன்றல்களும் இலங்கைப் பிரஜைகள். இந்தியப் பாஸ்போர்ட் எடுக்காதவர் சமாதான நீதவான் முன் பொதுப் பிரகடனம் ஒப்பமிட்டால் போதும். பாஸ்போர்ட் எடுத்துவிட்டு இங்கேயே தங்கியவருக்கு விசேட பிரகடனம். அதில் ஆணையாளரின் மேலொப்பம் விழவேண்டும். அம்மாவின் பெயர் அந்தப் பாஸ்போர்ட்டில் இருப்பதால் விசேட பிரகடனமே பாதுகாப்பு. பத்தரமுல்லை குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்தின் பிரஜாவுரிமைப் பிரிவில் விசாரியுங்கள். பாஸ்போர்ட்டின் எல்லாப் பக்கங்களையும் போட்டோக்கொப்பி எடுக்காமல் மூலத்தைக் கொடுத்துவிடாதீர்கள். குடும்பம் எங்கிருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பதில் 2:
இரண்டாவது சிக்கல் பிறப்புப் பதிவு. பெரும்பாலானோர் மாட்டிக்கொள்வது இங்கேதான். பிறந்து மூன்று மாதம் கடந்தால் காலங்கடந்த பதிவு. அதைக் கொழும்பில் செய்ய முடியாது, பிறந்த இடத்துப் பிரதேச செயலகத்தில் மேலதிக மாவட்டப் பதிவாளரிடம் போகவேண்டும். முதலில் அங்கேயே தேடுதல் விண்ணப்பம் போடுங்கள். பலருக்குப் பதிவு இருந்திருக்கிறது. "முத்தம்மா" என்ற பெயர் "முத்தாயி" என்று விழுந்ததால் கண்ணில் படாமல் போனது. தகப்பன் பெயரை வைத்தும் தேடச் சொல்லுங்கள். கிடைக்காவிட்டால் "பதிவு இல்லை" என்ற கடிதம், தோட்டப் பாடசாலை இடாப்புப் பிரதி, ஞானஸ்நானப் பத்திரம், தாயின் செக்றோல் (தோட்ட வேலைப் பதிவேடு) அல்லது ஈபிஎஃப் (சேமலாப நிதி) விவரம் என்று கையில் அகப்படுவதையெல்லாம் சேர்க்கலாம். தோட்டத் துரை (மேலாளர்) மாறினாலும் பழைய இடாப்பு தோட்ட அலுவலகத்தில் கிடக்கக்கூடும்.

பதில் 3:
ஐசிக்கு வெள்ளவத்தை ஜீஎஸ் (கிராம சேவகர்) ஒப்பமிடவேண்டும். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லையென்று தட்டிக்கழிப்பார்கள். வீட்டுக்காரர் வதிவிடக் கடிதத்தோடு கூடப் போனால் நல்லது.

கேள்வியாளர்:
ஐநா சமவாயத்தைக் காட்டலாமா?

பதில் 1:
உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 15ஆம் உறுப்புரை எல்லோருக்கும் தேசியவுரிமை உண்டு என்கிறது. ஆனால் நாடற்றோர் பற்றிய 1954, 1961 சமவாயங்களில் இலங்கை சேரவில்லை. கவுண்டரில் 2003 சட்டத்தின் தமிழ்ப் பிரதியை நீட்டுங்கள், அதற்குத்தான் அங்கே மரியாதை.