‘பிளேடைம்’: சிரிப்பு யார் மேல்?

கடைசிபெஞ்ச்: பிரெஞ்சு இயக்குநர் ழாக் தாத்தியின் ‘பிளேடைம்’ (1967) படத்தை நேற்று பார்த்து முடித்தேன், முடித்தேன் என்று சொல்வதே ஒரு சாதனை. பாரிஸைச் சுற்றிப் பார்க்க வரும் அமெரிக்கப் பெண்கள் கூட்டம், வேலை விஷயமாக ஒருவரைத் தேடி அலையும் உலோ என்கிற ஆள், இரண்டு மணி நேரம், ஒழுங்காக வசனம் கிடையாது. ஊர் பார்க்க வந்தவர்களை ஆட்டுமந்தை மாதிரி பஸ்ஸில் ஏற்றி இறக்கிக் கிண்டல் செய்கிறார்கள். இதற்கா இத்தனை புகழ்?

ரீல்பெட்டி: கிண்டல் அவர்கள் மேல் இல்லை, ஊர் மேல். அந்தப் பயண ஏஜென்சி போஸ்டர்களைக் கவனித்தீர்களா? லண்டன், மெக்சிகோ என்று பெயர்தான் மாறுகிறது, எல்லாவற்றிலும் ஒரே கட்டடம்! ஐஃபல் கோபுரம்கூட அந்த அமெரிக்கப் பெண்களில் ஒருத்தியான பார்பராவுக்கு ஒரு கண்ணாடிக் கதவில் பிம்பமாகத்தான் கிடைக்கிறது. அவ்வளவு தூரம் வந்தவளுக்கு ஊர் அதைத்தான் காட்டுகிறது என்றால் அவள் என்ன செய்வாள்?

கடைசிபெஞ்ச்: பூக்காரம்மா காட்சிக்கு என்ன சொல்வீர்கள்? அசல் பாரிஸ் வேண்டும் என்று பூக்காரம்மாவைப் படமெடுக்க பார்பரா கேமராவைத் தூக்குகிறாள், யாராவது குறுக்கே வந்துகொண்டே இருக்கிறார்கள். அந்த ஊரில் நடமாடுகிற ஆட்கள் அவளுக்கு இடைஞ்சல். அது அவள் மேல் கிண்டல் இல்லையா?

ரீல்பெட்டி: சரி, அது ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடைசியில் அவள் கையில் ஒரு பிளாஸ்டிக் பூ இருக்கிறது, ஜன்னலுக்கு வெளியே தெருவிளக்குகளும் அதே வடிவத்தில் தலை குனிந்து நிற்கின்றன. வெறுப்போடு எடுத்தவன் அவளுக்கு அதைக் கொடுத்திருக்க மாட்டான்.

டப்பாகேமரா: நடுவில் வருவதற்கு மன்னிக்கவும், இதை ஊமைப்படம் கணக்கில் சேர்க்காதீர்கள். உலோ காத்திருக்கும்போது அந்த நீண்ட நடைபாதையின் கோடியிலிருந்து ஒருவர் வருவாரே, காலடிச் சத்தம் மட்டும் டக் டக் என்று வந்துகொண்டே இருக்கும், ஆள் வந்து சேர மாட்டார். நாற்காலிகள் வேறு உட்கார்ந்தால் பெருமூச்சு விடும். அப்புறம், பெரிய திரைக்காக 70 எம்எம் பிலிமில் எடுத்த படத்தை எதில் பார்த்தீர்கள்?

கடைசிபெஞ்ச்: போனில். சிரிக்காதீர்கள்.

டப்பாகேமரா: அதானே! பாரிஸ் ஓரத்தில் ஒரு குட்டி நகரத்தையே செட் போட்டு, அந்தக் கடனில் தன் பழைய படங்களின் உரிமையையும் இழந்த மனுஷன். நீங்கள் அதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுப் போர் என்கிறீர்கள்.

கடைசிபெஞ்ச்: கடன் வாங்கி எடுத்தால் படம் நன்றாகிவிடுமா? முதல் ஒரு மணி நேரம் இழுவைதான், அதில் மாற்றமில்லை. ஆனால் அந்த ஓட்டல்... கண்ணாடிக் கதவு உடைந்து தூளான பிறகும் வாசல்காரர் கைப்பிடியை மட்டும் காற்றில் பிடித்துத் திறந்து மூடுகிறார், வருகிறவர்களும் இல்லாத கதவு வழியாகத்தான் நுழைகிறார்கள். அதற்கு மட்டும் மூன்று தடவை பின்னால் ஓட்டிப் பார்த்தேன்.

ரீல்பெட்டி: மூன்று தடவையா! பிறகென்ன சண்டை?

கடைசிபெஞ்ச்: முதல் ஒரு மணி நேரம்தான் சண்டை.