லினக்ஸுக்கும் மேக்குக்கும் வைரஸே வராது என்பது உண்மையா?

கேள்வி (ஜெராக்ஸ் கடைக்காரர்):
வணக்கம். ஜெராக்ஸ், டிடிபி வேலைகள் செய்யும் சிறிய கடை ஒன்றை நடத்திவருகிறேன். வாடிக்கையாளர்கள் கொண்டுவரும் பென்டிரைவ்களால் எங்கள் விண்டோஸ் கணினிகளில் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிப்போவது அடிக்கடி நடந்ததால், போன மாதம் இரண்டு கணினிகளில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தை நிறுவினோம். நிறுவித் தந்தவர், இதற்கு வைரஸே வராது, இனி ஆன்டிவைரஸ் பற்றிய கவலையே வேண்டாம் என்றார். மேக் வைத்திருக்கும் நண்பரும் தம் கணினியைப் பற்றி அப்படியே சொல்கிறார். இதை நம்பலாமா?

மறுமொழி (சர்வர் பராமரிப்பாளர்):
ஷார்ட்கட் தொல்லை உங்களுக்குத் தீர்ந்திருக்கும். அது விண்டோஸுக்காக எழுதப்பட்ட நிரல் என்பதால் உபுண்டுவில் இயங்காது. ஆனால் பென்டிரைவிலிருந்து அது மறைந்துவிடுவதில்லை. உங்கள் கடையில் அச்செடுத்துக்கொண்டு அடுத்த விண்டோஸ் கணினியைத் தேடிப் போகும். இதற்காகவாவது, இலவசமாகக் கிடைக்கும் கிளாம்ஏவி என்ற ஆன்டிவைரஸைக் கொண்டு பென்டிரைவ்களைச் சோதிப்பது நல்லது.

லினக்ஸில் சாதாரணப் பயனருக்கு ரூட் அனுமதி (கணினி முழுவதையும் மாற்றும் உரிமை) இல்லாததால், தீய நிரல் ஒன்று இயங்கினாலும் இயங்குதளத்தின் அடிப்படைக் கோப்புகளை அது எளிதில் தொட முடியாது. இது நல்ல அரண்தான். எனினும் நீங்கள் வடிவமைத்த அழைப்பிதழ்களும் கடைக் கணக்கும் உங்கள் ஹோம் ஃபோல்டரில்தானே இருக்கின்றன? அவற்றைப் பூட்டிவைத்துப் பணம் கேட்க நினைக்கும் நிரலுக்கு ரூட் அனுமதி தேவையே இல்லை. உபுண்டுவை மறுபடி நிறுவிக்கொள்ளலாம்; நகல் எடுத்துவைக்காத கோப்புகளை என்ன செய்வீர்கள்?

2016இல் பரவிய மிராய் என்ற தீய நிரல், லினக்ஸில் இயங்கும் கண்காணிப்புக் கேமராக்களையும் ரவுட்டர்களையுமே பிடித்தது. நுணுக்கமான ஓட்டை எதையும் அது தேடவில்லை. தயாரிப்பாளர்கள் வைத்து அனுப்பிய கடவுச்சொற்களில் சுமார் 60ஐ ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். அப்படிப் பிடிபட்ட கருவிகளைக் கொண்டு அவ்வாண்டு அக்டோபரில், இணையதளப் பெயர்களுக்கு உரிய முகவரியைக் காட்டித் தரும் டின் (Dyn) நிறுவனத்தைத் தாக்கியபோது, ட்விட்டர் உள்ளிட்ட பல தளங்கள் அமெரிக்காவில் சில மணி நேரம் திறக்கவில்லை.

மறுமொழி (மேக் பயனர்):
உங்கள் நண்பரிடம் ஃபிளாஷ்பேக் என்ற தீய நிரலைப் பற்றிக் கேளுங்கள். ஜாவா மென்பொருளில் இருந்த ஓட்டையை, அதை வெளியிடும் ஆரக்கிள் நிறுவனம் 2012 பிப்ரவரியில் அடைத்தது. மேக்குக்கான திருத்தத்தை ஆப்பிள் ஏப்ரலில்தான் வெளியிட்டது. அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொண்ட ஃபிளாஷ்பேக், 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மேக்குகளில் புகுந்தது. பிசி வைரஸ்கள் மேக்கைத் தொற்றாது என்ற விளம்பர வாசகத்தை ஆப்பிள் தன் தளத்திலிருந்து எடுத்ததும் அதே ஆண்டில்தான்.

இன்னொரு வேடிக்கை: வீட்டுக் கணினிகளிடையே பரவிய முதல் வைரஸ்களில் ஒன்றான எல்க் குளோனர், 1982இல் ஆப்பிள் II கணினிக்காக ஒரு பள்ளி மாணவர் எழுதியது. அது ஃபிளாப்பி வழியே பரவி, ஐம்பதாவது முறை அதைப் போடும்போது திரையில் ஒரு கவிதையைக் காட்டும்.

மறுமொழி (லினக்ஸ் ஆர்வலர்):
மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை. ஆயினும் மேசைக் கணினி லினக்ஸைக் குறிவைத்து எழுதப்படும் வைரஸ்கள் மிகக் குறைவு என்பதையும், கண்ட தளத்திலிருந்து எக்ஸ்இ கோப்பை இறக்கும் பழக்கம் இங்கே குறைவு என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். உபுண்டுவின் அதிகாரபூர்வ மென்பொருள் களஞ்சியத்திலிருந்து மட்டும் மென்பொருள் நிறுவினால் ஆபத்து பெரிதும் குறையும். அறவே நீங்காது என்பதை 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் (லினக்ஸில் கோப்புகளைச் சுருக்கும் மென்பொருள்) விவகாரம் காட்டியது. நெடுநாள் பங்களித்து நம்பிக்கை பெற்ற ஒருவரே அதன் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (திருட்டுத்தனமாக உள்ளே நுழையும் வழி) வைத்திருந்தார். எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து கணினிக்குள் நுழையும் வசதி) உள்நுழைவு அரை நொடி தாமதமாவதைக் கவனித்துத் துருவிய ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் அதைக் கண்டுபிடித்ததால், லினக்ஸின் பெரும்பாலான நிலையான வெளியீடுகளுக்குள் அது நுழையவில்லை. அவர் வேலை பார்ப்பது மைக்ரோசாஃப்டில் என்பதை நாங்கள் சற்று மெதுவாகத்தான் சொல்வோம்.

ஜெராக்ஸ் கடைக்காரர்:
அனைவருக்கும் நன்றி. கிளாம்ஏவி நிறுவிவிட்டேன், கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, அதைக் கழற்றியும் வைத்துவிட்டேன். மிராய் பற்றிப் படித்தபின் கடைக் கேமராவின் டிவிஆரைத் திறந்து பார்த்தேன். வாங்கிய நாளில் இருந்த கடவுச்சொல்லே இன்றுவரை இருக்கிறது. அதை மாற்றும் வழியை யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.