லுவார் அரண்மனைகள்: 3 பகல், வயதான பெற்றோர், காரா ரயிலா?

மல்லிப்பந்தல் கேட்டது:

ஏப்ரல் 30 மாலை பாரிஸிலிருந்து லுவார் ஆற்றுப் பள்ளத்தாக்கில் உள்ள தூர் நகருக்குப் போய்ச் சேர்கிறோம். மே 3 இரவுக்குள் பாரிஸ் திரும்ப வேண்டும். நாங்கள் இரண்டு பேர், அப்பா (74), அம்மா (69). அம்மா சமதரையில் நன்றாக நடப்பார், மாடிப்படிதான் முழங்காலுக்கு ஆகாது. நால்வரும் சைவம்.

இப்போதைக்கு அரண்மனைப் பட்டியல்: சாம்போர், ஷெவெர்னி, ப்ளுவா, ஷெனோன்சோ, அம்புவாஸ், விலாந்திரி, அஸே-லெ-ரிதோ, லாஞ்ஜே.

1. மூன்று நாளில் இந்த எட்டும் முடியுமா? எதை விடலாம்?
2. இந்திய லைசென்ஸ் இருக்கிறது, ஆனால் வலப்பக்கம் ஓட்டிய பழக்கம் இல்லை. ரயிலிலேயே சமாளிக்க முடியுமா?
3. சாம்போர் உள்ளே காலியாக இருக்கும், வெளியே நின்று பார்த்தால் போதும் என்கிறார்கள். உண்மையா?

---

சுழல்படி:

எட்டு முடியாது. ஒரு நாளைக்கு இரண்டுதான் கணக்கு. மூன்றாவதைச் சேர்த்தால் கடைசி இடத்தில் கதவு சாத்தும் நேரத்துக்குப் போய் நிற்பீர்கள். மூடுவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட் கவுண்டரை அடைத்துவிடுவார்கள்.

முதலில் மே 1-ஐப் பாருங்கள். பிரான்ஸில் வருடத்தின் மிக இறுக்கமான விடுமுறை அது. அஸே-லெ-ரிதோ அரசு நிர்வாகத்தில் உள்ள நினைவுச்சின்னம். ஜனவரி 1, மே 1, டிசம்பர் 25 மூன்று நாளும் மூடியிருக்கும். ஷெனோன்சோ தனியார் சொத்து (1913 முதல் மெனியே குடும்பத்துடையது), 365 நாளும் திறந்திருக்கும். ஆகவே:

மே 1: காலை ஷெனோன்சோ, மதியம் அம்புவாஸ். இடையே சுமார் 13 கிமீ.
மே 2: அஸே, பிறகு விலாந்திரி. இடையே 10 கிமீ சொச்சம்.
மே 3: சாம்போர் மட்டும். நேரம் மிஞ்சினால் ப்ளுவா.

லாஞ்ஜேயை விடுங்கள். 1491 டிசம்பரில் பிரெஞ்சு அரசர் எட்டாம் சார்லஸுக்கும் பிரிட்டனி கோமகள் ஆனுக்கும் கல்யாணம் நடந்த கோட்டை. நல்ல இடம்தான், ஆனால் கோபுரம், மதில் நடை என்று பார்க்க வேண்டியதெல்லாம் படியேறித்தான். ஷெவெர்னி அழகு, அறைகலன்கள் நிறைந்த வீடு. ஆனால் அதைச் சேர்த்தால் சாம்போர் அரைகுறையாகிவிடும்.

அம்மாவின் முழங்காலுக்கு ஏற்றது ஷெனோன்சோ. தேவாலயம், அரசரின் காதலி தியான் த புவாத்தியேயின் அறை, அரசி கத்தரீன் த மெதிசியின் பச்சை அறை, ஷேர் ஆற்றின் மேல் நிற்கும் 60 மீட்டர் கூடம் எல்லாமே நுழைவுத் தளத்தில். மேல் தளத்துக்குப் போகும் படியும் சுழல்படி இல்லை, நேர்ப்படி. 16-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்து பிரான்ஸில் அது புதுமை. சமையலறைகளை மட்டும் விட்டுவிட்டு வராதீர்கள்: ஆற்றில் இறக்கிய அடித்தூணுக்குள்ளேயே கட்டியவை, சாமான்களைப் படகிலிருந்து நேரே உள்ளே ஏற்றுவார்கள். அங்கே இறங்கும் படி கொஞ்சம் செங்குத்து. அம்மாவுக்கு வேண்டாமென்றால் அவர் கூடத்து ஜன்னலோரம் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஒன்று நினைவிருக்கட்டும், நுழைவாயிலிலிருந்து அரண்மனைக்கு நெடிய மரச்சாலை. போக வர நடைதான்.

அம்புவாஸில் கோட்டை மேட்டில் இருக்கிறது, ஏற்றம் உண்டு. அங்கே புனித ஊபேர் சிற்றாலயத்தில் லியோனார்தோ டா வின்சியின் கல்லறை. எலும்புகள் அவருடையவை என்று கருதப்படுபவை, அவ்வளவுதான். முதலில் புதைத்த தேவாலயத்தை இடித்துவிட்டார்கள், 1863-ல் தோண்டியபோது கிடைத்தவை இவை. அவர் கடைசி மூன்று வருடம் வாழ்ந்து 1519 மே 2 அன்று இறந்த க்ளோ லூசே மாளிகை அரை கிலோமீட்டர் தள்ளி. இரண்டில் ஒன்றுதான் முடியும் என்றால் க்ளோ லூசே. தோட்டத்தில் அவர் வரைந்த இயந்திரங்களைப் பெரிய அளவில் செய்து வைத்திருக்கிறார்கள், அப்பாவுக்குப் பிடிக்கும்.

---

பருத்தித்துறை_காற்று:

கார் பற்றி நான் சொல்லுறன். மே 1 அன்று வாடகைக் கார் ஏஜென்சியள் பெரும்பாலும் பூட்டு. மே 1 காலமை எடுக்கலாம் எண்டு நினைச்சா திட்டம் முழுக்கக் குழம்பும். ஏப்ரல் 30 பின்னேரமே எடுங்கோ. பாரிஸிலை எடுக்கவேண்டாம், பாரிஸ் மொன்பர்னாஸ் ஸ்ரேசனிலிருந்து தேஜேவே எண்ட வேக ரயிலிலை தூருக்குப் பக்கத்திலை இருக்கிற சென்-பியேர்-தெ-கோர் வந்தா ஒரு மணித்தியாலம் சொச்சம்தான், அந்த ஸ்ரேசனடியிலேயே கார் எடுக்கலாம். பாரிஸ் நெரிசலும் ஏ10 நெடுஞ்சாலைச் சுங்கக் காசும் மிச்சம். சில ஏஜென்சியள் மத்தியானம் 12க்கும் 2க்கும் இடையிலை பூட்டுறவை, ஞாயிறும் பூட்டு. திருப்பிக் குடுக்கிற நேரத்தையும் இப்பவே பாத்து வையுங்கோ.

ஒட்டோமற்றிக் எண்டு கேட்டுப் பதியாட்டி கியர் மாத்திற கார்தான் தருவினம். வலப்பக்கம் ஓடிப் பழக்கமில்லாத ஆளுக்கு வலக்கையாலை கியரும் மாத்திறது தேவையில்லாத தலையிடி. கொஞ்சம் கூடக் குடுத்தாலும் ஒட்டோமற்றிக் எடுங்கோ. லைசென்ஸ் பிரெஞ்சிலை இல்லாட்டி மொழிபெயர்ப்போ சர்வதேசப் பெர்மிற்றோ கையிலை இருக்கவேணும். பெர்மிற்றை ஊரிலேயே எடுத்துக்கொண்டு வாங்கோ.

இஞ்சை ஆக்கள் பிழைவிடுற இடங்கள்:

வலப்பக்கத்தாலை வாறவருக்கு முதல் வழி. சின்ன ஊருகளுக்குள்ளை ஒரு ஒழுங்கையிலிருந்து கார் நிக்காமல் வெளிக்கிடும், பிழை உங்களுடையது. மஞ்சள் வைரவடிவப் பலகை கண்டா அந்த றோட்டிலை உங்களுக்கு முன்னுரிமை. அதே பலகையிலை குறுக்குக் கோடு விழுந்திருந்தா அது முடிஞ்சுது.

சிவப்புக் கரை போட்ட வெள்ளைப் பலகையிலை ஊர்ப்பேர் கண்ட இடத்திலிருந்து 50. வேறை பலகை இராது, ஊர்ப்பேரே வேகப்பலகை. பேருக்குக் குறுக்குக் கோடு போட்டிருந்தா ஊர் முடிஞ்சுது. வெளியிலை சாதாரண றோட்டிலை 80, சில மாவட்டங்களிலை 90 பலகை இருக்கும். கமராவிலை பிடிபட்டா தண்டம் ஒருபக்கம், உங்கடை விலாசத்தைக் குடுத்ததுக்கு ஏஜென்சி தனிக்காசு எடுக்கிறது இன்னொருபக்கம்.

பெற்றோல் அடிக்கேக்குள்ளை: "கசோல்" எண்டா டீசல்! பேரைக் கேட்டு ஏமாறாதேங்கோ. வட்டத்துக்குள்ளை இ10 அல்லது இ5 எண்டா பெற்றோல், சதுரத்துக்குள்ளை பி7 எண்டா டீசல். மாறி அடிச்சுப்போட்டா எஞ்சினை ஸ்ராட் பண்ணாமல் அப்பிடியே விட்டிட்டு ஏஜென்சிக்கு ரெலிபோன் எடுங்கோ. ஸ்ராட் பண்ணினாத்தான் உண்மையான செலவு.

அரண்மனைக் கார்ப்பாக்குகளிலை சூட்கேஸ் வெளியிலை தெரியிறமாதிரி விட்டிட்டுப் போகாதேங்கோ. எந்த அரண்மனையிலையும் பெரிய பெட்டி வைக்க இடம் தருவினம் எண்டு நம்பவும் வேண்டாம்.

---

மல்லிப்பந்தல்:

மிக்க நன்றி. கார் வேண்டாம் என்று வீட்டில் முடிவானால்?

---

பருத்தித்துறை_காற்று:

ரயிலிலை நல்லாச் செய்யலாம், ஆனால் சாம்போர் கஷ்டம். தூரிலேயே தங்குங்கோ. ஷெனோன்சோ ஸ்ரேசன் அரண்மனை வாசலடியிலை, தூரிலிருந்து அரை மணித்தியாலத்துக்குள்ளை. வண்டியள் குறைவு, ஒண்டைத் தவறவிட்டா கனநேரம் குந்தியிருக்கவேணும். முதல் திரும்பிற வண்டியைப் பாத்திட்டுப் பிறகு போற வண்டியைத் தெரிவுசெய்யுங்கோ. மே 1 அன்று வண்டி இன்னும் குறையும். அம்புவாஸ் 20 நிமிசம், ஆனால் ஸ்ரேசன் லுவாரின் அக்கரையிலை, பாலம் கடந்து நடக்கவேணும். ப்ளுவாவும் அதே பாதையிலைதான்.

சாம்போருக்கு ப்ளுவா ஸ்ரேசனிலிருந்து சீசன் பஸ் இருக்கு. எல்லா நாளும் ஓடாது, நாட்காட்டியைப் பாருங்கோ. உங்கடை நாளிலை இல்லையெண்டா ராக்சிதான், போக 16 கிமீ சொச்சம், திரும்பி வாறதுக்கும் அதே ராக்சியைப் பேசி வையுங்கோ. அங்கை போய் நிண்டு பிடிக்கலாம் எண்டு நினைக்கவேண்டாம்.

---

தூண்நிழல்:

மூன்றாவது கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. சாம்போர் காலி என்பது பாதி உண்மை, வெளியே நின்று பார்த்தால் போதும் என்பது தவறு.

ஏன் காலி? பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா 1519-ல் தொடங்கிய இந்த மாளிகையில் அவர் தங்கியது 32 வருட ஆட்சியில் மொத்தமே 70 நாள் சொச்சம். வேட்டைக்கு வருவார்கள், போவார்கள். அரசவையே ஊர் ஊராக நகர்ந்துகொண்டிருந்த காலம் அது. கட்டில், திரைச்சீலை, பெட்டி, பாத்திரம் எல்லாம் வண்டியில் கூடவே வந்து கூடவே போகும். அறைகலனுக்கு பிரெஞ்சில் "மோப்ள்" என்று பெயர், நகர்த்தக்கூடியது என்றே பொருள். ஆகவே வெற்றுச் சுவர்தான் இந்த வீட்டின் இயல்பு நிலை. 282 கணப்புகள் கட்டியும் குளிரடித்த வீடு.

பார்க்க வேண்டியது கட்டடத்தை. நடுவில் இரண்டு சுழல்படிகள் ஒன்றையொன்று பின்னிக்கொண்டு ஏறுகின்றன. அப்பா ஒன்றில் ஏறட்டும், நீங்கள் மற்றதில் ஏறுங்கள். நடுத்தண்டின் ஜன்னல் வழியே முகம் தெரியும், மேலே போகும்வரை சந்திக்க மாட்டீர்கள். லியோனார்தோவின் யோசனை என்று சொல்வார்கள். ஆவணச் சான்று கிடையாது. அவர் மே மாதம் இறந்தார், வேலை தொடங்கியது செப்டம்பரில்.

இரண்டாம் தளத்தில் நிமிர்ந்து பாருங்கள். வளைந்த கல் கூரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒரு கட்டத்தில் அரசர் பெயரின் முதலெழுத்து, அடுத்ததில் நெருப்பு உமிழும், பல்லிபோன்ற சாலமாந்தர் என்று மாறி மாறிச் செதுக்கியிருக்கிறார்கள். கல் தூஃபோ, வெள்ளைச் சுண்ணாம்புக் கல். வெட்டும்போது மெதுவானது, அதனால்தான் இவ்வளவு நுணுக்கம். அதே காரணத்தால் மழையிலும் ஈரத்திலும் பொரிந்து உதிரும். இந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது சாரம் கட்டியிருந்தால் திட்டாதீர்கள்.

பிறகு மொட்டை மாடி. புகைபோக்கிகளும் கோபுரங்களும் ஒரு சிறு ஊர்போல் நிற்கும், வெள்ளைக் கல்லில் கரும்பலகைக் கல்லை வட்டமாகவும் சாய்சதுரமாகவும் பதித்து. இதற்காகத்தான் உள்ளே போவது. ஆனால் அதுவரை சுழல்படி. படிகள் தாழ்வானவை, இருந்தாலும் நிறைய. அம்மா ஒரு தளம் ஏறிப் பார்த்துவிட்டு முடிவு செய்யட்டும். வெளியே மைதானமும் கால்வாய்க் கரையும் இலவசம், சமதரை, அங்கிருந்து முகப்பு முழுதாகத் தெரியும். மொத்தம் மூன்று மணி நேரம். பேருந்துக் கூட்டம் பத்தரைக்கு மேல் வரும், திறக்கும்போதே உள்ளே இருங்கள்.

சுழல்படி சொன்ன திட்டத்தில் ஒரே திருத்தம்: மே 2 காலை விலாந்திரி, மதியம் அஸே என்று மாற்றுங்கள். விலாந்திரியின் காய்கறித் தோட்டம் ஒன்பது சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு கோலம். வசந்தத்தில் ஒரு நடவு, ஜூனில் இன்னொரு நடவு. நீங்கள் பார்க்கப்போவது முதலாவதை. இலைகளின் நிறம் காலை வெயிலில்தான் எடுக்கும். கீழே நின்றால் பாத்திகள்தான், மேல் மேடையிலிருந்து பார்த்தால்தான் கோலம் தெரியும். அந்த ஏற்றத்தை அம்மா மெதுவாக ஏறிவிடலாம். அஸே ஆந்த்ர் ஆற்றில் தீவில் நிற்கும் வீடு, மாலையில் தண்ணீரில் நிழல் நன்றாக விழும்.

---

தயிர்சாதம்:

சாப்பாடு. மதிய உணவு 12-லிருந்து 2 வரை. இரண்டரைக்குப் போனால் அடுப்பை அணைத்திருப்பார்கள், இனி ஏழு மணிதான். சாலட் என்றால் சைவம் என்று நினைக்காதீர்கள். ஆட்டுப்பால் சீஸ் போட்ட சாலடில்கூட "லார்தோன்" என்று பன்றிக்கொழுப்புத் துண்டு தூவி வரும். "சான் வியாந்த், சான் லார்தோன், சான் புவாசோன்" (இறைச்சி, லார்தோன், மீன் இல்லாமல்) என்று மூன்றையும் சொல்லுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். பல பாரம்பரியச் சீஸ்களில் கன்றின் இரைப்பை நொதி சேர்க்கிறார்கள், அது பிரச்சினை என்றால் சீஸையே தவிர்ப்பது எளிது.

மே 1 அன்று பெரும்பாலான கடைகள் இருக்காது, மே 3 ஞாயிறாக அமைந்தால் மதியத்துக்குமேல் பல சூப்பர்மார்க்கெட்டும் இருக்காது. 30-ஆம் தேதி மாலை கார் எடுத்த கையோடு ரொட்டி, தயிர், பழம் வாங்கிவிடுங்கள். சமையலறை உள்ள தங்குமிடம் எடுத்தால் அரிசிக்குப் பாரிஸ் லா ஷாப்பெல் தமிழ்க் கடைகளிலேயே முடித்துக்கொண்டு ரயில் ஏறுங்கள்.