கிராஜுவிட்டியில் (பணிக்கொடையில்) 23 வருஷ சர்வீஸைக் காணோம், வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

எல்லோருக்கும் வணக்கம். அப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் 1996-இல் சேர்ந்தவர், சூப்பர்வைசர். 2019-இல் அவருடைய பிரிவை மட்டும் தனி கம்பெனியாகப் பிரித்தார்கள். அதே ஷெட், அதே மெஷின், வாசல் போர்டு மட்டும் புதுசு. 2024 மார்ச்சில் ரிட்டையர் ஆனார்.

செட்டில்மென்ட்டில் 5 வருஷத்துக்குத்தான் கிராஜுவிட்டி. கடைசி பேசிக்கும் டிஏவும் சேர்த்து 42,000. அதை மாதத்துக்கு 26 வேலை நாள் என்று 26-ஆல் வகுத்து, வருஷத்துக்கு 15 நாள் சம்பளம் என்று 15-ஆல் பெருக்கி, 28 வருஷத்துக்குப் போட்டால் 6,78,000-க்கு மேல் வர வேண்டும். வந்தது 1,21,000 சொச்சம். கேட்டால் புது கம்பெனி பழையதைக் கை காட்டுகிறது, பழையது புதுசைக் காட்டுகிறது. வேடிக்கை என்னவென்றால், புது கம்பெனி கொடுத்த பே ஸ்லிப்பிலேயே சேர்ந்த தேதி 1996 என்றுதான் இருக்கிறது!

கம்பெனியைப் பிரிக்கும் திட்டத்துக்கு என்சிஎல்டி (தேசிய கம்பெனி சட்டத் தீர்ப்பாயம்) ஒப்புதல் உண்டு. அதில் ஊழியர்களின் பழைய சர்வீஸ் தொடரும் என்று ஒரு பிரிவு பொதுவாக இருக்கும். அந்த உத்தரவின் சான்றிட்ட நகலை சென்னை பெஞ்சில் எப்படி வாங்குவது? தொழிலாளர் துறையில் 'ஃபார்ம் N' (கிராஜுவிட்டி கேட்டுப் போடும் மனு) கொடுக்க 90 நாள்தான் கெடு. தகுந்த காரணம் இருந்தால் தாமதத்தை ஏற்பார்களாம். அப்படி யாருக்காவது ஏற்றிருக்கிறார்களா? அப்புறம், மனுவில் இரண்டு கம்பெனியையும் சேர்க்க வேண்டுமா?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் இந்த மாதிரி வழக்கு நடத்திய வக்கீல் தெரிந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள். "விடும்மா, போகட்டும்" என்கிறார் அப்பா. எனக்கு விட மனசில்லை.