மறு: ரிப்பிளுக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும், அவசரம்

பாலிடெக்னிக் ஆசிரியை, சேலம்:
அனைவருக்கும் வணக்கம். திங்களன்று மாணவர்களுக்குச் செய்முறைத் தாள் ஒன்று தமிழில் கொடுக்க வேண்டும். கழித்துக்கட்டிய கணினி எஸ்.எம்.பி.எஸ். பெட்டிகளை (வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தருபவை) திறந்து, உள்ளே என்னென்ன பாகங்கள் போட்டிருக்கிறார்கள், செய்நேர்த்தி எப்படி என்று பார்த்து எழுதும் பயிற்சி. மின்தேக்கி, மின்மாற்றி, அலைதிருத்தி எல்லாம் பாடநூலில் இருக்கின்றன. ரிப்பிளில்தான் நிற்கிறேன். நேர்திசை (டி.சி.) மின்னழுத்தத்தின் மேல் ஒட்டிக்கொண்டு ஏறி இறங்கும் மிச்ச அலை. கணினி மின்பெட்டிகளுக்கான ஏ.டி.எக்ஸ். வரையறைப்படி 12 வோல்ட் வெளியீட்டுத் தடத்தில் அது 120 மில்லிவோல்ட்டைத் தாண்டக் கூடாது, 5, 3.3 வோல்ட் தடங்களில் 50. "சிற்றலை" என்று எழுதலாமா?

ஓய்வுபெற்ற தமிழ்ப் பேராசிரியர், மதுரை:
அம்மா, சிற்றலை வேண்டாம். வானொலிக்காரர்கள் அதை ஷார்ட் வேவுக்கு எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். "திரை" சும்மாதானே கிடக்கிறது? கடலில் எழுந்தால் அலை, முதியவர் தோலில் விழுந்தால் சுருக்கம், பால் கெட்டால் திரைகிறது. மட்டமாக இருக்க வேண்டியது மட்டம் கெடுவதே எல்லாவற்றுக்கும் அடிப்பொருள். "மின்திரை" என்க. திரள், திரி, திருகு ஆகியவற்றோடு இதற்குள்ள உறவைத் தனி மடலில் விரிவாக எழுதுகிறேன்.

கணினி பழுதுபார்ப்பவர், கோவை:
ஐயா, மின்திரை எடுத்து வா என்றால் கடைப் பையன் மானிட்டரைத் தூக்கிக்கொண்டு வருவான்.
டீச்சர், சொல் கிடக்கட்டும், தாளில் முதல் வரியாக இதைப் போடுங்கள்: ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். 230 வோல்ட்டைத் திருத்தினால் உச்சம் 325. கை வைத்தால் தூக்கி எறியும். அப்புறம், மலிவுப் பெட்டியில் மின்சாரம் நுழையும் இடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். வடிகட்டும் சுருளுக்குப் பதில் வெறும் கம்பித் துண்டு இருக்கும். அதே இடத்தில் மின்னிரைச்சலை வடிகட்டும் எக்ஸ் மின்தேக்கிக்குப் பலகையில் இடம் அச்சிட்டிருப்பார்கள், மின்தேக்கி இருக்காது. வெளியீட்டுப் பக்கத்து மின்தேக்கிகளில் தாங்கும் வெப்பம் 105 டிகிரி என்று இருக்கிறதா, 85 என்று இருக்கிறதா என்பதையும் குறிக்கட்டும். சூடு 10 டிகிரி குறைந்தால் ஆயுள் ஏறக்குறைய இரட்டிப்பாகும். அந்த மின்தேக்கி உப்பினால் ரிப்பிள் ஏறும். எந்தக் கடையில் கேட்டாலும் ரிப்பிள் என்றால் புரியும். அப்படியே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

பேராசிரியர்:
ரகரம் மொழிக்கு முதலில் வாராது. "இரிப்பிள்" என்றாவது எழுதுக.

பழுதுபார்ப்பவர்:
இரிப்பிளா! அதற்கு மின்திரையே தேவலை ஐயா.

பொறியாளர், டொரொன்டோ:
நாங்கள் யாழ்ப்பாணத்தில் "குற்றலை" என்றுதான் படித்தோம். குறுமை, அலை சேர்ந்தால் குற்றலை. குற்றெழுத்து வந்த வழிதான். உங்கள் மின்தேக்கி எங்களுக்குக் கொள்ளளவி, அதைப் பற்றி இப்போது சண்டை வேண்டாம். தம்பி சொல்வது போலக் கடையில் ரிப்பிள் இருக்கட்டும், தாளில் குற்றலை இருக்கட்டும்.

பேராசிரியர்:
குற்றெழுத்தில் குறுமை என்பது ஒலிக்கும் காலம், ஒரு மாத்திரை. இங்கே குறுகியது அலையின் உயரம். போதாததற்கு, குற்றலை என்றதும் மாணவனுக்குக் குற்றம்தான் காதில் விழும்.

பொறியாளர்:
காலத்திலும் குறுமை உண்டு ஐயா. உள்ளே இருக்கும் சுவிட்ச் நொடிக்குப் பல்லாயிரம் முறை திறந்து மூடுகிறது. அதன் சுவடுதான் வெளியீட்டில் தெரிகிறது.

ஆசிரியை:
அது ஒன்றுதான் என்றால் சரி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை முழு அலையாகத் திருத்துவதால் வரும் 100 ஹெர்ட்ஸ் ரிப்பிளும் இருக்கிறதே? அதை எப்படிக் குறுமை என்பது?

பேராசிரியர்:
கேட்டீர்களா! திரை என்றால் இந்தச் சிக்கலே இல்லை. கடலில் பெரிய திரையும் உண்டு, சிறிய திரையும் உண்டு.

இன்னொரு உறுப்பினர், திருச்சி:
"துள்ளல்" எப்படி? எளிய சொல், வாயிலும் நிற்கும்.

பேராசிரியர்:
அது கலிப்பாவின் ஓசை. மின்சாரத்துக்கு யாப்பு வேண்டாம். (வஞ்சிப்பாவின் தூங்கலோசையை எதற்கு வைப்பீர்கள், ஸ்டாண்ட்பைக்கா?)

திருச்சி உறுப்பினர்:
ஐயா, நிஜமாகவே நன்றாக இருக்கிறது. கணினி அணைந்திருக்கும்போதும் உயிரோடு இருக்கும் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை தடத்துக்குத் தூங்கல் தடம்!

ஆசிரியை:
ஞாயிறு இரவாகிவிட்டது, தாள் அச்சுக்குப் போக வேண்டும். குற்றலைக்கு மூன்று பேர், மின்திரைக்கு ஐயா ஒருவர், ரிப்பிளுக்குக் கோவை அண்ணா. குற்றலை என்று போட்டு, முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் ரிப்பிள் என்று சேர்க்கிறேன். மின்சாரம் போன பிறகும் பெட்டி சில மில்லிநொடிகள் தாக்குப்பிடிப்பதற்குத் "தாங்கு நேரம்" என்று வைத்தேன், யாரும் எதிர்க்கவில்லை. அதை மாற்றச் சொல்லி இனி மடல் போடாதீர்கள்.

பேராசிரியர்:
என் மறுப்பு பதிவாகட்டும்.

பழுதுபார்ப்பவர்:
பெயர் எதுவானாலும், பையன்களை மல்டிமீட்டரில் அளக்க விடாதீர்கள் டீச்சர், சரியான அளவு கிடைக்காது. அலையை வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் 20 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண் வரம்பு வைத்து, அளக்கும் முனையில் 10 மைக்ரோஃபாரட் ஒன்றும் 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் ஒன்றும் இணைத்து அளக்க வேண்டும். கடையில் நான் ரிப்பிள் என்றுதான் சொல்வேன்.