வடசென்னையில் உருவம் வரைய மாடல் கிடைப்பாரா?

ராயபுரத்தில் இருக்கிறேன். ஆறு மாதமாக மனித உடலை வரையப் பழகுகிறேன், கரித்துண்டில். முகமும் கையும் வந்துவிட்டன. நிற்கும் உருவம்தான் வரவில்லை. எடை எந்தக் காலில் இறங்குகிறது என்பது கோட்டில் தெரிவதே இல்லை, ஆள் காற்றில் தொங்குகிறார்.

போட்டோ பார்த்து வரைந்தேன், எல்லாம் தட்டையாகிவிடுகிறது. மெரினாவில் 1959-இல் வைத்த உழைப்பாளர் சிலை முன் நான்கு ஞாயிறு உட்கார்ந்தேன். பாறையை நெம்பும் அந்த நால்வரின் முதுகைச் சிற்பி ராய் சௌத்ரி என்னமாய் வடித்திருக்கிறார்! தசை புரிந்தது. ஆனால் சிலை மூச்சு விடாது, கால் மாற்றி நிற்காது. காசிமேட்டில் விடியற்காலை மீன் கூடை இறக்குபவர்கள் ஒரு நிமிடம்கூட ஒரே நிலையில் இருப்பதில்லை. அப்புறம் ஓர் ஓவிய வகுப்பில் கேட்டேன். "இப்ப யாரு உருவம் வரையறாங்க, அரூபம் பண்ணுங்க" என்றார்கள். ஆள், பொருள் என்று எதையும் காட்டாமல் நிறமும் கோடுமாய் வரையும் அரூப ஓவியம் எனக்கும் பிடிக்கும். ஆனாலும் கூடை தூக்கும் தோளை விட மனமில்லை.

ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், இருபது நிமிடத்துக்கு ஒரு ஓய்வு, உடையோடு நின்றால் போதும். மணிக்கு 400 ரூபாய் தருவேன்.

ராயபுரம், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை பக்கம் இப்படி நிற்கச் சம்மதிப்பவர் யாரையாவது தெரியுமா?